மறுபடியும் முளைக்குமா?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் நம் பாட்டிமார். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது, சீடை போகிறது, கரும்பு போகிறது. கொய்யாக்காயைக் கண்டால் பெருமூச்சு விட வேண்டிய காலம் வருகிறது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர், "கொஞ்சம் சிரிங்க மாமி!" என்றால், உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கும் வித்தையையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்ற விஷயங்களில் இயற்கை நம்மிடம் தாராளமாகத்தான் நடந்துகொள்கிறது. நகம் வெட்ட வெட்ட வளர்கிறது. முடியும் அப்படியே. அரிவாள்மணையில் விரல் நறுக்கிக்கொண்டால் நாலு நாளில் தோல் மூடிவிடுகிறது. முறிந்த எலும்புகூடக் கூடிவிடுகிறது. பல் விஷயத்தில் மட்டும் படு கருமி! பால் பல் 20, அப்புறம் நிலைப் பல் 32. அத்துடன் கணக்குத் தீர்ந்தது.

மற்றப் பிராணிகளைப் பாருங்கள். சுறாமீனுக்கு ஆயுள் முழுவதும் பல் விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும். யானைக்குக் கடைவாய்ப் பற்கள் ஆறு தவணையாக வருகின்றன. எலியின் முன்பற்களோ நில்லாமல் வளர்கின்றன. அதனால்தான் அது நம் அலமாரியை விடாமல் கறண்டுகிறது. அமெரிக்க முதலையான அலிகேட்டர், ஒவ்வொரு பல்லையும் ஆயுளில் ஏறக்குறைய 50 தடவை வரை புதுப்பித்துக்கொள்ளும். 2013-ல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் அதன் தாடையை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பல்லின் அடியிலும் அடுத்த பல்லும், அதற்கும் அடுத்ததற்கான முளையும் தயாராகக் காத்திருந்தன. நம் வீட்டுக் கொல்லையில் தாய் வாழைக்குப் பக்கத்தில் கன்று நிற்பதைப் போலத்தான்! நமக்கும் கருவில் அந்த முளைப்பட்டை இருக்கிறது. ஆனால் நிலைப் பற்களுக்கு வித்திட்டபின் அது சிதைந்துபோகிறது.

"அடுப்பங்கரையில் இருக்கிறவளுக்கு முதலையின் பல்லைப் பற்றி என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது, சகோதரிகளே. அதனால்தான் இத்தனையும் படிக்க நேர்ந்தது.

என் தங்கைக்கு ஒரு பெண் இருக்கிறாள். வயது 12. பெயரை எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவாள். ஆகையால் குட்டி என்றே வைத்துக்கொள்வோம். கூடப் படிக்கிற பெண்களுக்கெல்லாம் பால் பல் விழுந்து பெரிய பல் வந்தாகிவிட்டது. குட்டிக்கு மட்டும் வாயில் அங்கங்கே சின்னப் பால் பற்கள் அப்படியே உட்கார்ந்திருந்தன. "மெதுவாக விழட்டுமே, அவசரம் என்ன?" என்றாள் எங்கள் அம்மா. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எட்டு இடங்களில் பால் பல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நிலைப் பல்லின் வித்தே உண்டாகவில்லை. சில ஜீன்களில் ஏற்படும் மாற்றத்தால் இப்படிப் பிறவியிலேயே பற்கள் அமையாமல் போவது உண்டு என்று டாக்டர் விளக்கினார். யாருடைய குற்றமும் அல்ல என்றும் சொன்னார். ஆனால் எந்தத் தாய் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்கிறாள்? "நான் உண்டாயிருந்தபோது சரியாகச் சாப்பிடவில்லையோ, அக்கா?" என்று என் தங்கை பல நாள் புலம்பினாள்.

குட்டி புலம்பவில்லை. சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் என்னிடம் தனியாக வந்து, "பெரியம்மா, என்னென்னமோ கண்டுபிடிக்கிறாங்களே, பல்லு முளைக்கவைக்க யாரும் வழி கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டாள்.

கேட்டது குழந்தை. 'வரும், வரும்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டேன்; கிடைத்ததைப் படித்தேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், பல் எப்படி உண்டாகிறது? கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போதே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. வாயின் மேல்தோல் ஒரு பக்கம். அதற்கு அடியில் உள்ள மெல்லிய திசு இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வாயால் அல்ல, இரசாயனச் சமிக்ஞைகளால். 'நீ முளை விடு' என்கிறது ஒன்று. 'விட்டேன், நீ திரண்டு வா' என்கிறது மற்றொன்று. இந்தச் சம்பாஷணை ஒழுங்காக நடந்தால் பல் உருவாகும். மேல்தோல் தரப்பு உயிரணுக்கள் எனாமலைச் செய்கின்றன. அடித்திசு தரப்பு டென்டினையும், உள்ளே இருக்கும் பல்கூழையும் செய்கின்றது.

எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதில் 96 சதவிகிதம் தாதுப்பொருள்தான். ஆனால் அதைச் செய்கிற உயிரணுக்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் மாண்டுபோகின்றன. வீட்டைக் கட்டி முடித்ததும் கொத்தனார்கள் எல்லாரும் ஊரை விட்டே போய்விட்டால், சுவர் விரிசல் விட்டால் யார் பூசுவார்கள்? பல்லில் விழுந்த சொத்தை தானாக மூடிக்கொள்ளாததன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் வருகிறது 'ஸ்டெம் செல்.' தமிழில் குருத்தணு என்கிறார்கள், அழகான பெயர். வாழைக் குருத்து பின்னால் இலையாக விரிவதுபோல, இந்த அணுவும் இன்னது என்று ஆவதற்கு முன் இருக்கிற இளம் பருவம். தக்க சமிக்ஞை கிடைத்தால் எலும்பாகவோ, டென்டினாகவோ, வேறொன்றாகவோ மாறக்கூடியது. 2000-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஸாங்டாவ் ஷி, ஸ்டான் கிரான்தோஸ் முதலியவர்கள், வளர்ந்த மனிதரின் பல்கூழுக்குள் இப்படிப்பட்ட குருத்தணுக்கள் இருப்பதைக் கண்டார்கள்.

அடுத்தது, தாய்மார்கள் ரசிக்கக்கூடிய கதை. ஷியின் ஆறு வயது மகளுக்கு ஒரு பால் பல் ஆடிற்று; விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்த தகப்பனாரின் கண்ணில், பல்லின் உள்ளே ஒட்டியிருந்த சிவந்த திசு பட்டது. 'இதில் உயிர் இருக்கிறதே!' என்று தோன்றியது. மற்றக் குழந்தைகளின் பற்களையும் வாங்கிச் சோதித்தார்கள். பால் பல்லிலும் குருத்தணுக்கள் இருக்கின்றன என்று 2003-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? விழுந்த பல்லைக் குழந்தையின் கையில் கொடுத்துக் கூரைமேல் எறியச் சொன்னோம். ஜப்பானியரும் கீழ்ப் பல்லைக் கூரைமேலும், மேற்பல்லைத் தரைக்கு அடியிலும் எறிவது வழக்கமாம். அந்த ஜப்பானிலிருந்துதான் அடுத்த ஆச்சரியமும் வந்தது.

தோக்கியோ விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் தக்காஷி த்ஸுஜி என்பவரும் அவருடைய குழுவினரும், எலிக் கருவிலிருந்து மேல்தோல் உயிரணுவையும் அடித்திசு உயிரணுவையும் தனித்தனியே பிரித்து, மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பல் முளையை உண்டாக்கினார்கள். பல் பிடுங்கப்பட்ட ஒரு வளர்ந்த எலியின் தாடையில் அதை நட்டார்கள். நாற்று நடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 37 நாளில் பல் ஈறுக்கு வெளியே தலை காட்டியது. 49-ஆம் நாள் வாக்கில் எதிர்ப் பல்லோடு பொருந்தி நின்றது. முளைக்கு எடுத்த உயிரணுக்கள் பச்சை ஒளி வீசும்படி செய்யப்பட்டவை. வந்த பல்லும் பச்சையாக ஒளிர்ந்தது. பழைய பல் அல்ல, நட்ட பல்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கடினத்தில் இயற்கைப் பல்லுக்குச் சமானம். நரம்பும் ஓடிற்று, வலியும் தெரிந்தது. 2009-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று.

'வலி தெரிந்தது என்பதெல்லாம் ஒரு பெருமையா?' என்று கேட்காதீர்கள். பெருமைதான். சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டால் சட்டென்று வாய் நிற்கிறதே, எப்படி? வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல் அதில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. அமுக்கம் எவ்வளவு என்று அந்தப் படலந்தான் மூளைக்குச் சொல்லுகிறது. ஸ்வீடனில் பிரானமார்க் என்ற நிபுணர் 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானிய முளைகளைப் பதித்துப் பல் கட்டினார். இம்ப்ளாண்ட் என்று உலகமெங்கும் இன்று செய்வது அதன் வழித்தோன்றல்தான். அருமையான வைத்தியம்; சந்தேகமில்லை. ஆனால் அந்த முளை எலும்போடு நேரே ஒட்டிக்கொள்கிறது. நடுவே ஊஞ்சல் இல்லை. ஆகவே, 'வேலை செய்கிற பல்' என்று விஞ்ஞானிகள் சொல்லும்போது வெறும் வெள்ளைக் கட்டியைச் சொல்லவில்லை. கல்லையும் சோற்றையும் பிரித்து அறிகிற பல்லைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் எலிக்கு வந்த அதிர்ஷ்டம் நமக்கு ஏன் வரவில்லை? நியாயமான கேள்வி. எலியின் முளைக்கு உயிரணு கருவிலிருந்து வந்தது. மனிதக் கருவை அப்படிப் பயன்படுத்த முடியுமா? கூடாது. வளர்ந்தவரின் உடம்பிலிருந்தே இரு தரப்பு அணுக்களும் வேண்டும். அடித்திசு தரப்பு கிடைக்கிறது, பல்கூழில் இருக்கிறதே! மேல்தோல் தரப்புக்குத்தான் பஞ்சம். எனாமல் கொத்தனார்கள் ஊரை விட்டுப் போனவர்கள் அல்லவா?

அந்தக் கொத்தனார்களைத் திரும்ப வரவழைக்கும் முயற்சி பல ஊர்களில் நடக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்னெலெ ரூஹோலா-பேக்கர் குழுவினர், குருத்தணுக்களைப் பழக்கி எனாமல் புரதங்களைச் செய்யும் அணுக்களாக்கியதை 2023-ல் வெளியிட்டார்கள். பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பமீலா யெலிக், மனிதப் பல்லின் அணுக்களையும் பன்றிப் பல்லின் அணுக்களையும் சேர்த்துச் சிறுபன்றிகளின் தாடையில் பல் போன்ற அமைப்புகளை வளர்த்த செய்தி 2024 கடைசியில் வந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அனா ஏஞ்சலோவா வோல்போனியும் அவருடைய சகாக்களும், அந்தப் பழைய சம்பாஷணை அவசரமில்லாமல் நிதானமாக நடக்கும்படி ஒரு ஜெல்லி போன்ற படுக்கையைத் தயார் செய்து 2025-ல் அறிவித்தார்கள். எல்லாம் நல்ல படிகள். ஆனால் படிதான்; மாடி அல்ல. முன்பல் வேண்டிய இடத்தில் கடைவாய்ப் பல் வந்து நிற்காமல், அளவும் வடிவமும் சரியாக வருமாறு செய்வது இன்னொரு பெரிய படி.

மனிதருக்கு ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. சீனாவில் ஸியான் நகரத்து வைத்தியர்கள், அடிபட்டு உள்ளே செத்துப்போன முன்பல்லோடு வந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவரவருடைய பால் பல்லிலிருந்தே கூழ் அணுக்களை எடுத்து வளர்த்து, அடிபட்ட பல்லுக்குள் வைத்தார்கள். 30 பேருக்கு இப்படிச் செய்து, 26 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பல்லுக்குள் புதுக் கூழ் உண்டாயிற்று, இரத்த ஓட்டம் வந்தது, உணர்ச்சி திரும்பிற்று. 2018-ல் முடிவு வெளிவந்தது. முழுப் பல் அல்ல. இருக்கிற பல்லுக்கு மறுபடி உயிர். ஆனாலும் செத்ததைப் பிழைக்கவைப்பது சின்னக் காரியமா?

எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி வேறொன்று. ஜப்பானில் கட்ஸு தகாஹாஷி என்ற பல் வைத்தியர். அவர் வெளியிலிருந்து குருத்தணுவைக் கொண்டுவந்து நடவில்லை. தூங்குகிற முளையைத் தட்டி எழுப்பப் பார்க்கிறார். நம் உடம்பில் யூஸாக்-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. பல் வளர்ச்சிக்கு அது போடுவது தடை உத்தரவு. அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் ஒரு மருந்தை அவர் குழுவினர் எலிக்குக் கொடுத்தார்கள். பிறவியிலேயே பல் குறைந்த எலிக்கும் பல் வந்தது! நம்மைப்போல இரண்டு தடவை பல் முளைக்கும் ஃபெரெட் என்ற கீரி மாதிரிப் பிராணிக்குக் கூடுதலாக ஒரு பல் முளைத்தது. இது 2021-ல். பிறகு 2024-ல் கியோட்டோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மனிதர்களிடம் பரீட்சை ஆரம்பமாயிற்று: 30 முதல் 64 வயதுக்குட்பட்ட, ஒரு கடைவாய்ப் பல்லாவது இல்லாத 30 ஆண்கள். பல் முளைக்கிறதா என்பதல்ல முதல் கேள்வி. மருந்து உடம்புக்குத் தீங்கு செய்யாமல் இருக்கிறதா என்பதே. அடுத்ததாக அவர்கள் கருதியிருப்பவர்கள், பிறவியிலேயே குறைந்தது நாலு பல்லாவது இல்லாத குழந்தைகள். 2030 வாக்கில் மருந்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவர்கள் உத்தேசம்.

பிறவியிலேயே பல் இல்லாத குழந்தைகள்! எங்கள் குட்டியைப் போன்றவர்களை நினைத்து, எங்கோ ஒருவர் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து உழைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அடுத்த வரியில் வயதும் போட்டிருந்தது: 2 முதல் 7 வரை. குட்டிக்கோ 12.

இதற்கிடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு கம்பெனியின் பிரதிநிதி என் தங்கை வீட்டுக்கு வந்தார். குட்டியின் பால் பல்லைப் பிடுங்கிக் கொடுத்தால், அதன் குருத்தணுவை உறையவைத்துப் பாதுகாப்பார்களாம். பின்னால் புதுப் பல்லே வளர்க்கலாமாம். பெரிய தொகை, ஆண்டுதோறும் வாடகை வேறு. தங்கை கை வளையலைக் கழற்றவே தயாராகிவிட்டாள். "அக்கா, அவளுக்காக இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன அம்மா?" என்றாள். அவளை எப்படிக் குறை சொல்வது?

நான் அந்தப் பிரதிநிதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இப்படிச் சேமித்து வைத்த அணுவிலிருந்து வாயில் முழுப் பல் முளைத்த மனிதர் ஒருவரைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார், வர்ணப் படங்களைக் காட்டினார், ஆளைக் காட்டவில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வியாபார முறையில் சேமிக்க அனுமதி தொப்புள்கொடி இரத்தத்துக்கு மட்டுமே, பல்கூழுக்கு இல்லை. வளையல் கையிலேயே தங்கிற்று. அதைவிடப் பெரிய லாபம், பால் பல் வாயிலேயே தங்கியது. கீழே வாரிசு இல்லாத பால் பல், பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம், சிலருக்கு நாற்பது வயதுவரைகூட, உழைக்கும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அதைப் போய்ப் பிடுங்கிக் கொடுப்பதா?

குட்டிக்கு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். எலி, பன்றி, பச்சைப் பல், ஜப்பான், 2 முதல் 7 வயது, எல்லாம். மருந்து நல்லது என்று தெரிந்தால் வயது வரம்பு பின்னால் மாறலாம், மாறாமலும் போகலாம் என்றேன். தாடை வளர்ந்து முடிந்தபின், அதாவது பதினெட்டு வயதுக்கு மேல், இம்ப்ளாண்ட் வைக்கலாம். அதுவரை இருக்கிற பல்லைக் காப்பதே உன் வேலை என்றேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, வரும் வரும்னு மட்டும் சொல்லாதீங்க. வந்தப்புறம் சொல்லுங்க" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வந்த வார்த்தை. அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் 'வரும்' என்று சொல்வதில்லை. இரவில் பல் தேய்த்தாயா என்று கேட்கிறோம், அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு நாள், 'பல் முளைக்கவைக்கிறோம்' என்று கதவைத் தட்டக்கூடும். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எலிக்கா, மனிதருக்கா? எத்தனை பேருக்கு, எத்தனை வருஷம் பார்த்தீர்கள்? பரீட்சைதான் என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? உண்மையான ஆராய்ச்சிக்காரர், பரீட்சை மருந்துக்கு நோயாளியின் மடியில் கை வைக்க மாட்டார்.

குருத்தணு சாஸ்திரம் என்றைக்கு முழுமை பெற்றாலும், நம் வீட்டில் இன்றைக்கே பயன்படுகிற விஷயம் ஒன்று உண்டு. ஓடியாடும் பிள்ளை விழுந்து, முளைத்து வந்த நிலைப் பல் வேரோடு தெறித்துவிட்டதா? பதறாதீர்கள். வேரைத் தொடாமல், பல்லின் வெள்ளைத் தலைப்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கு என்று தேய்க்காதீர்கள். வேரில் ஒட்டியிருக்கும் அந்த ஊஞ்சல் நாரின் அணுக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு கிண்ணம் காய்ச்சாத பாக்கெட் பாலில் பல்லைப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். சீக்கிரம் போகப் போக, அதே பல் அதே இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பால் பல்லானால் திரும்ப வைக்க மாட்டார்கள். நிலைப் பல்லுக்குத்தான் இந்த வைத்தியம்.

காபிக்கு என்று எடுத்து வைத்த பால் போனால் போகட்டும். அடுத்த பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.